சிக்கனச் சங்கத்தின் முன்வாசல்

இனி எழுதப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று சத்தியம் செய்கிறேன். வலது கையை உயர்த்தித்தான் செய்கிறேன். அதனால் இந்தப் பத்தியை இடது கையால் எழுதவேண்டியிருக்கிறது. எங்காவது கோணலாகத் தெரிந்தால் அதற்கு உண்மைதான் காரணம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பணம், சேமிப்பு, கடன் இவற்றைப் பற்றி ஆங்கிலேயர்கள் சொல்லும் பழமொழிகளில் நூற்றுப் பன்னிரண்டு, இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள ஹெப்பில்ஷா சிக்கனச் சங்கத்துக்குச் சொந்தம். பத்திரம் இருக்கிறது. உறுப்பினர் அல்லாதவர் அவற்றில் ஒன்றை வாய்விட்டுச் சொன்னால் தலைக்கு ஐம்பது பென்ஸ் கட்டவேண்டும். என்னிடம் அவ்வளவு வசதி இல்லை. ஆகவே சங்கத்தார் செய்வதைப் போலவே நானும் எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

1987 ஜனவரி இரண்டாம் வாரத்தில் கிளிஃபர்ட் ஆஷ்வொர்த்தின் வீட்டு பாய்லர் செத்துப்போனது. வீடு முழுவதையும் சூடாக்கும் கேஸ் பாய்லர். மூன்று முறை இருமிவிட்டு நீளமாக ஒரு மூச்சு விட்டது, அவ்வளவுதான். பார்க்க வந்த மெக்கானிக் அதன் முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு, "நூத்தி எண்பத்தாறு பவுண்டு ஆகும்" என்றார்.

கிளிஃபர்டுக்கு ஐம்பத்தொன்பது வயது. வீட்டுக்குள் போடும் மெத்தைச் செருப்பு செய்யும் ஆலையில் முப்பத்துநான்கு வருஷம் அடித்தோல் வெட்டியவர். அந்த ஆலை அக்டோபரில் மூடிவிட்டது. அஞ்சலகப் புத்தகத்தில் நாற்பத்தொரு பவுண்டு இருந்தது. அவர் மனைவி எனிட்டின் நெஞ்சு பாய்லரைவிடக் கொஞ்சம்தான் நல்ல நிலையில் இருந்தது.

"ஒரு ரூமையாவது கதகதப்பா வெச்சுக்கங்க" என்றார் டாக்டர். "இன்னொரு தடவை சளி கட்டிச்சுன்னா ஆஸ்பத்திரிதான். அதுக்கப்புறம் நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

அன்று மாலை எனிட் இரண்டு கோட்டுகளுக்கும் ஒரு கம்பளிக்கும் உள்ளேயிருந்து பேசினாள்.

"சங்கத்துல போய்க் கேளேன், கிளிஃப். அதுக்குத்தானே அதை வெச்சிருக்காங்க."

"கேக்கறதா?"

"ஆமா. வாயைத் தெறந்து. கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டியே, அந்த மாதிரி."

"நான் எங்க கேட்டேன்? நீதானே கேட்ட."

"அதான் எனக்குப் பயமா இருக்கு."

கிளிஃபர்ட் பிறந்ததிலிருந்து யாரிடமும் எதையும் கேட்டவர் அல்ல. பஸ்ஸில் தன் காலை மிதித்தவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்குகிறவர். அந்த ஊரில் அதை யாரும் வியாதி என்று சொல்லமாட்டார்கள், வளர்ப்பு என்பார்கள். பிச்சைக்காரனைப் போல் தெரியக்கூடாது என்று, சாவுக்குப் போகும்போது மட்டும் போடும் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டார். ஷூவைப் பளபளக்கத் துடைத்தார். எனிட் ஐந்து பவுண்டு நோட்டைக் கையில் கொடுத்து, வரும்போது இருமல் மருந்தும் அரைக் கிலோ சாசேஜும் வாங்கிவரச் சொன்னாள்.

சங்கத்தின் கட்டடத்துக்கு இரண்டு வாசல்கள். முன்வாசலுக்கு ஐந்து படிகள், பித்தளைக் கைப்பிடி, 'வழங்குவோர்' என்று பலகை. பக்கச் சந்தில், குப்பைத்தொட்டிகளுக்கு அப்பால், கைப்பிடியே இல்லாத இன்னொரு கதவு. அதில் 'வேண்டுவோர்'. அந்தக் கதவுக்கு முன்னால் மழையில் பதினொரு பேர் நின்றிருந்தார்கள். கிளிஃபர்ட் வரிசையில் பன்னிரண்டாவது ஆளாக நிற்கப் போனவர்தான். பதினோராவது ஆள் திரும்பிப் பார்த்தாள். எதிர்வீட்டு நோரா கிளெக்.

"யாரு, கிளிஃபா? நீ எங்க இந்தப் பக்கம்?"

"சும்மா. காத்து வாங்கலாம்னு."

"மழையிலயா?"

"மழைக்காத்து நல்லதுன்னு சொல்றாங்க."

"கறுப்புக் கோட்டு எதுக்கு? யார் செத்தது?"

கிளிஃபர்டின் கால்கள் தாமாகவே சந்தைவிட்டு வெளியே வந்தன, வலப்பக்கம் திரும்பின, ஐந்து படிகளையும் ஏறின. கை பித்தளைக் கைப்பிடியைத் திருகியது. நோரா இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தான் அங்கே என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கும். ஹெப்பில்ஷாவில் ரகசியங்கள் இப்படித்தான் பாதுகாப்பாக இருக்கின்றன.

உள்ளே செயலாளர் மிஸ் டாட்டர்சால் கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். கை வைத்த நாற்காலியில் உட்காரவைத்தார். தங்க விளிம்புள்ள கோப்பையில் டீ வந்தது. தகர டப்பாவைத் திறந்து சாக்லேட் பூசிய பிஸ்கட்டை நீட்டினார்.

"ஒரு விஷயமா வந்தேன்..." என்று ஆரம்பித்தார் கிளிஃபர்ட்.

"சொல்லவே வேணாம். இந்த வாசல் வழியா வர்றவங்க எல்லாருமே இப்படித்தான் கூச்சப்படுவாங்க. பணத்தைப் பத்திப் பேசறதே நமக்கெல்லாம் பிடிக்காத விஷயமாச்சே." தோல் அட்டை போட்ட பெரிய புத்தகம் ஒன்றை அவர் பிரித்தார். "போன வாரம் வந்த வக்கீல் நூறு பவுண்டு எழுதினார். உங்களுக்கும் நூறுன்னே போடட்டுமா?"

கிளிஃபர்டின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பாதி ஒட்டியது பயம், பாதி சாக்லேட்.

"குறைச்சுச் சொல்லிட்டேனா? மன்னிக்கணும். நூத்தம்பது?"

கிளிஃபர்ட் டீயை ஒரு மடக்குக் குடித்தார்.

"இருநூறு?"

"போதும்!" என்று அலறினார் கிளிஃபர்ட்.

"எவ்வளவு பெருந்தன்மை!" என்று மிஸ் டாட்டர்சால் இருநூறை எழுதிக்கொண்டார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அந்த அம்மாளுக்குச் சங்கடமாக இருக்குமே? டீயும் பாதி குடித்தாகிவிட்டது. முன்பணமாக ஏதாவது என்று அவர் கேட்டபோது கிளிஃபர்ட் ஐந்து பவுண்டு நோட்டைக் கொடுத்தார். மீதி நூற்றுத் தொண்ணூற்றைந்தை மார்ச் முடிவதற்குள் கட்டவேண்டும்.

"இதைக் கடன்னு நினைச்சுக்காதீங்க" என்று வாசல்வரை வந்து சொன்னார் மிஸ் டாட்டர்சால். "கடனை நாங்க அடியோட எதிர்க்கிறோம். இது வெறும் கட்டாயம்."

வீட்டில் எனிட், "கேட்டியா?" என்றாள்.

"பரிசீலிக்கிறாங்க."

"மருந்து எங்க?"

"கடை மூடியிருந்துச்சு."

முப்பத்தாறு வருஷ மணவாழ்வில் அவர் அவளிடம் சொன்ன முதல் இரண்டு பொய்கள் அவை. இரண்டும் ஒரே நிமிஷத்துக்குள் நடந்தன. அன்றிரவு எனிட் இருமிய ஒவ்வொரு முறையும் கிளிஃபர்ட் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டு, தூங்குகிறவரைப் போல மூச்சு விட்டார்.

அடுத்த செவ்வாய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று கிளம்பினார். ஒப்புக்கொள்வதாக இருந்தாலும் முன்வாசல் வழியாகத்தான் போகமுடிந்தது, சந்தில் நோரா நின்றிருந்தாள். உள்ளே சங்கத் தலைவர் கவுன்சிலர் ஹோல்டன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு காத்திருந்தார். அகலமான மனிதர். அவருடைய வெயிஸ்ட்கோட்டின் பொத்தான்கள் சங்கத்தின் நிதிநிலையைப் போலவே இறுக்கமாக இருந்தன.

"மிஸ்டர் ஆஷ்வொர்த்! செருப்பு ஆலைத் தொழிலாளி ஒருத்தர் இருநூறு பவுண்டு தர்றார்! நூத்தி முப்பத்தொம்பது வருஷத்துல இப்படி நடந்ததே இல்ல. நாங்க எல்லாரும் கூடிப் பேசி உங்களை அறங்காவலரா ஆக்கிட்டோம்."

"ஐயா, நான் வந்தது வேற..."

"ஒரே ஒரு வருத்தம். அறங்காவலர் ஆயிட்டா நீங்க நன்கொடை தரமுடியாது. விதி. அறங்காவலர்கள் கொடுக்க ஆரம்பிச்சா மத்தவங்களும் எங்ககிட்ட எதிர்பார்ப்பாங்க இல்லையா? அந்த மீதி நூத்தித் தொண்ணூத்தஞ்சை நாங்க வாங்கிக்கமுடியாது. மனசைத் தேத்திக்கங்க."

கிளிஃபர்ட் மனத்தைத் தேற்றிக்கொண்டார். அது மட்டுமல்ல, அவருக்குள் ஒரு யோசனையும் துளிர்த்தது. உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆளாகிவிட்டால், எழுந்து நின்று, யாருடைய முகத்தையும் பார்க்காமல், ஒரு தீர்மானமாகவே கேட்டுவிடலாமே? 'ஒரு குடும்பத்துக்கு, பாய்லர் வகைக்கு' என்று. யார் குடும்பம் என்று அந்த ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள், அது அநாகரிகம்.

பேட்ஜைச் சட்டையில் குத்திவிட்டார்கள். பிறகு பதவியேற்புச் சடங்கு. சங்கத்தை நிறுவிய ஜொசாயா கிரேவ் என்ற மில் முதலாளியின் தோல் பர்ஸை ஊதா மெத்தைமேல் வைத்து எடுத்துவந்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். 1848-இல் அரக்கு வைத்து மூடிய பர்ஸ். கவுன்சிலர் அதைக் காதருகே கொண்டுபோய்க் குலுக்கினார். உள்ளே கிலுங்கியது. "ஓசை கேட்டது" என்று மிஸ் டாட்டர்சால் எழுதிக்கொண்டார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"அதுல எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார் கிளிஃபர்ட்.

அறையில் யாரோ டீக்கரண்டியைக் கீழே போட்டார்கள்.

"தெறந்து பாத்தாத்தானே தெரியும்?" என்றார் கவுன்சிலர் மெதுவாக, குழந்தையிடம் பேசுவதைப் போல. "தெறந்தா செலவு பண்ணத் தோணும். வங்கியில இருக்கற ரெண்டு லட்சத்துப் பத்தாயிரமும் அப்படித்தான். கிரேவ் ஐயா உயில்ல தெளிவா எழுதியிருக்கார், ஏழைகளோட கஷ்ட நாளுக்குன்னு. கஷ்ட நாள் எதுன்னு முடிவுபண்ண ஒரு துணைக்குழு இருக்கு. தினமும் காலையில ஜன்னல் வழியா பாப்பாங்க. ரெண்டு உலகப் போருக்கும் கூடிப் பாத்தாங்க. இதைவிட மோசமான நாள் வரலாம்னு தள்ளிவெச்சுட்டாங்க."

"அப்ப வேண்டுவோருக்கு?"

"பழமொழி தர்றோம். பாருங்க, மிஸ்டர் ஆஷ்வொர்த், கடனாக் கொடுத்தா ஏழை கடனாளி ஆயிடுறான். அந்தப் பாவம் நமக்கு. இனாமாக் கொடுத்தா சேமிக்கற பழக்கம் போயிடும். அதுவும் பாவம். பழமொழி அப்படியில்ல. எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் நம்மகிட்டயே இருக்கும். 1848-லேர்ந்து இந்த ரூமைவிட்டு ஒரு பென்னி வெளிய போனதில்லைன்னு நான் மார் தட்டிச் சொல்லுவேன்."

ஆண்டறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்த கிளிஃபர்ட், "போன வருஷம் நாலாயிரம் செலவுன்னு போட்டிருக்கே?" என்றார்.

"அது வெளிய போகலையே" என்றார் கவுன்சிலர். "நாமதானே சாப்பிட்டோம்."

குளிர்கால விசாரணை பிப்ரவரி முதல் செவ்வாயன்று நடந்தது. அதற்குள் எனிட் படியேறுவதை நிறுத்தியிருந்தாள். கீழே சோபாவிலேயே, ஜன்னலின் உட்பக்கத்தில் பனி பூத்திருக்கும் அறையில் படுத்திருந்தாள். 'பரிசீலிக்கிறாங்க' என்பதைக் கிளிஃபர்ட் நான்கு விதமாகச் சொல்லி முடித்திருந்தார். இன்று தீர்மானத்தைக் கொண்டுவந்தே தீருவது என்று காகிதத்தில் எழுதி, சட்டைப்பையில் வைத்திருந்தார்.

ஐந்து அறங்காவலர்கள், ஐந்து கை வைத்த நாற்காலிகள், எதிரே கையில்லாத ஸ்டூல் ஒன்று. வேண்டுவோர் ஒவ்வொருவராகப் பக்கக் கதவு வழியாக வந்து, தேவையைச் சொல்லி, எண்ணைப் பெற்று, அந்தப் பழமொழியை எழுந்து நின்று மூன்று முறை சொல்லவேண்டும். பிறகு அதையே துணியில் பூத்தையல் போட்டு, கண்ணாடி மாட்டிய ஓக் மர ஃபிரேமில் வாங்கிக்கொண்டு போகவேண்டும். ஃபிரேம்கள் மூவாயிரம் கிடங்கில் இருந்தன. கடைசியாகச் சேர்ந்த அறங்காவலர் என்பதால் கிடங்குச் சாவி கிளிஃபர்டிடம்.

குழந்தைக்கு ஷூ கேட்ட இளைஞனுக்கு எண் ஐம்பத்துமூன்று. நோரா கிளெக்குக்கு எண் ஆறு. நோரா கிளிஃபர்டின் பேட்ஜைப் பார்த்தாள், பிறகு தன் ஃபிரேமைப் பார்த்தாள், தும்மலைப் போல ஒரு சத்தம் செய்துவிட்டுப் போனாள். பல்செட் கேட்டு வந்த கிழவர் செடனுக்கு எண் நாற்பது சொன்னபோது அவர் விடவில்லை.

"போன வருஷம் எட்டாம் நம்பர் குடுத்தீங்க. அது சின்னச் செலவையும் பண்ணாதேங்குது. இது சின்னச் செலவுக்குப் பயந்தா பெருசு போயிடும்ங்குது. எதை நம்பறது?"

"முரண்பாட்டுத் துணைக்குழுவுக்கு எழுதிப் போடுங்க" என்றார் கவுன்சிலர். "லீப் வருஷத்துல கூடுவாங்க."

"அதுவரைக்கும் எதை வெச்சு மெல்றது?"

"ரெண்டு ஃபிரேமையும் பக்கத்துப் பக்கத்துல மாட்டிவெச்சுப் பொறுமையா இருங்க."

பிறகு பிஸ்கட் டப்பா ஒரு சுற்று வந்தது. கிளிஃபர்ட் ஒன்றை வாயில் போட்டுக்கொண்ட நேரத்தில் ஆறாவது ஆள் உள்ளே வந்தது.

எனிட். தேவாலயத்துக்குப் போகும் நீலக் கோட்டு, தலையில் தொப்பி. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள், மூச்சு வாங்கினாள், நிமிர்ந்தாள், பார்த்தாள்.

"பேரு?" என்றார் மிஸ் டாட்டர்சால்.

"எனிட் ஆஷ்வொர்த்."

"ஆஷ்வொர்த்தா?" என்று கவுன்சிலர் குஷியாகத் திரும்பினார். "நம்ம மிஸ்டர் ஆஷ்வொர்த்துக்குச் சொந்தமோ?"

கிளிஃபர்டின் வாயில் பிஸ்கட் இருந்தது. அதை விழுங்கிவிட்டுச் சொல்லவேண்டும் என்று நினைத்தார். விழுங்கவும் முடியவில்லை.

"இந்தப் பள்ளத்தாக்குல கல்லைத் தூக்கினா நாலு ஆஷ்வொர்த் ஓடுவாங்க" என்றாள் எனிட். "இவரை நான் பாத்ததே இல்ல."

அது பொய் அல்ல. கை வைத்த நாற்காலியில், மார்பில் பேட்ஜோடு, உதட்டில் சாக்லேட்டோடு இருந்த அந்த மனிதரை அவள் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

"என்ன வேணும்?"

"நூத்தி எண்பத்தாறு பவுண்டு. பாய்லர் போயிடுச்சு. எனக்கு நெஞ்சு சரியில்ல. என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன்தான், ஆனா கேக்கத் தெரியாதவர். அதான் நானே வந்தேன்."

"புது அறங்காவலர் எண் சொல்லுவார்" என்றார் கவுன்சிலர். "முதல் தடவை. எல்லாரும் கேளுங்க."

கிளிஃபர்ட் எழுந்து நின்றார். சட்டைப்பையில் காகிதம் இருந்தது. கை அதுவரை போகவில்லை.

"நூத்தி..." என்றார். "நூத்தி எண்பத்தாறு."

"அட்டவணையில நூத்திப் பன்னிரண்டு வரைக்கும்தான் இருக்கு, மிஸ்டர் ஆஷ்வொர்த்" என்றார் மிஸ் டாட்டர்சால் அன்பாக. எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள். முதல் தடவை யாருக்கும் இப்படி ஆகும் என்றார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவர் 'அது என் மனைவி' என்று சொல்லியிருக்கலாம். மூன்று சொற்கள். அறையில் அதற்கு இடமும் இருந்தது.

"பதினேழு" என்றார் கிளிஃபர்ட்.

பதினேழு சில்லறைக் காசைப் பற்றியது. எனிட் எழுந்து நின்று அதைச் சொன்னாள். இரண்டாம் முறையும் சொன்னாள். மூன்றாம் முறை பாதியில் இருமல் வந்துவிட்டது. தடைபட்டால் முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்பது விதி. மறுபடியும் தொடங்கினாள். சொன்ன நேரம் முழுவதும் அவள் பார்வை கிளிஃபர்டின் ஷூமேல் இருந்தது. அன்று காலை அதைத் துடைத்துக் கொடுத்தவள் அவள்தான்.

கிளிஃபர்ட் வீடு திரும்பியபோது எனிட் தொப்பியைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் பதினேழாம் எண். கிளிஃபர்ட் வாசற்படியிலேயே நின்றார்.

"உள்ள வாங்க, அறங்காவலர் ஐயா. இங்க கை வெச்ச நாற்காலி இல்ல."

"எனிட்..."

"எத்தனை வாரமா?"

"மூணு."

"ஒவ்வொரு வாரமும் பிஸ்கட் உண்டா?"

"உண்டு."

"சாக்லேட்டா?"

"ஆமா."

"பாக்கெட்ல ஒண்ணு போட்டுட்டு வரத் தோணலையே, பாவி" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பிலிருந்து இருமல் வந்தது, இருமலிலிருந்து கண்ணீர் வந்தது. அவர் அவள் முதுகைத் தடவிவிடக் கையை நீட்டினார். அவள் தட்டிவிட்டாள். பிறகு ஃபிரேமை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "ஓக் மரம்தானே இது?" என்று கேட்டாள்.

"நல்ல ஓக்."

"காஞ்சதா?"

"நூறு வருஷமா காயுது."

அவள் கண்ணாடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். ஃபிரேமைக் காலடியில் போட்டு மிதித்தாள், நான்காக உடைந்தது. கூடத்துக் கணப்பு அடுப்பில் அடுக்கி, பூத்தையலைத் திரியாகச் சுருட்டித் தீ வைத்தாள். எண் பதினேழு இருபது நிமிஷம் எரிந்தது. ஜன்னலின் பனி ஓரமாக உருக ஆரம்பித்தது.

"சாவி உங்கிட்டதானே?" என்றாள்.

அன்றிலிருந்து கிளிஃபர்ட் தினமும் காலையில் கைவண்டியோடு முன்வாசல் வழியாகவே போனார். அறங்காவலர் ஃபிரேம்களை எங்கே கொண்டுபோகிறார் என்று கேட்பது அநாகரிகம் என்பதால் யாரும் கேட்கவில்லை. ஏழைகளிடம் நேரில் சேர்க்கிறார் என்று மிஸ் டாட்டர்சால் குறித்துக்கொண்டார். ஏப்ரல் வரை அந்த வீட்டுப் புகைபோக்கி ஓயவில்லை. நோரா தினமும் ஸ்டூலோடு வந்து உட்கார்ந்தாள். செடன் கிழவர் எட்டையும் நாற்பதையும் கொண்டுவந்து ஒன்றாகப் போட்டார். இரண்டும் ஒரே மாதிரிதான் எரிந்தன. கடனைப் பற்றியவை சீக்கிரம் பற்றிக்கொள்கின்றன, சேமிப்பைப் பற்றியவை நின்று எரிகின்றன என்று எனிட் கண்டுபிடித்தாள். அவள் நெஞ்சுச் சளி கரைந்தது. கன்னத்தில் சிவப்பு வந்தது. பதினேழைப் பற்றி ஒரு சொல்கூட அவள் அப்புறம் பேசவில்லை. ஒரு நாள் மாலை, நெருப்புக்கு முன்னால், நோராவும் இருக்கும்போதே, அவள் தன் கையை எடுத்துக் கிளிஃபர்டின் கைமேல் வைத்தாள். நூற்று முப்பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாகச் சங்கம் நான்கு பேருக்குக் குளிரைப் போக்கியது.

கிளிஃபர்டின் வீட்டுடையதையும் சேர்த்து, அந்தத் தெரு வீடுகளின் கணப்பு அடுப்புகள் அத்தனையையும், கேஸ் இணைப்புக் கொடுத்தபோதே, 1969-இல் நகராட்சி செங்கல் வைத்து அடைத்துவிட்டது. இந்த ஒரு வரியை மறுபடியும் இடது கையால் எழுதுகிறேன்.